சென்னையைச் சுற்றி தோட்டம், ஏரி, கோட்டை: எங்கே என்பதைவிட எப்போது

கேள்வியின் சுருக்கம் இது. மதுரையிலிருந்து மாற்றலாகி சென்னைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் முட்டிவலிக்கார அம்மா, ஒன்பது வயதுப் பையன். கார் இருக்கிறது. மாலும் மெரினாவும் சலித்துவிட்டன. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை சனி, ஞாயிறுகளில் போய்வர தோட்டம், பறவைகள் சரணாலயம், பழைய கோட்டை மாதிரி இடங்களைச் சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். இடத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. ஆனால் இருபது வருடமாக இதே வேலையாகச் சுற்றுகிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஓர் இடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது, நீங்கள் போகிற மாதத்தையும் மணியையும் பொறுத்த விஷயம். "அங்கே போனோம், ஒன்றுமே இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சரியான இடத்துக்குத் தப்பான வேளையில் போனவர்கள்தான். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

முதல் தடவை வேடந்தாங்கலுக்குப் போனபோது, ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு நிதானமாகக் கிளம்பினேன். போய்ச் சேரும்போது பதினொன்றரை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. தூரத்து மரங்களில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம். படாளம் கூட்டுரோட்டில் டீ குடிக்கும்போது கடைக்காரர் கேட்டார்: "அதுக்குள்ள திரும்பிட்டீங்களா? அஞ்சு மணிக்குத்தானே எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க!" அவர் 'எல்லாரும்' என்றது பறவைகளை. அடுத்த வாரமே தனியாகப் போனேன். நான்கரைக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு மேல் நாலா திசையிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். (எனக்கும் அந்த மரியாதை தொற்றிக்கொண்டது.) கூழைக்கடாக்கள் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு இறங்குகின்றன. நத்தைக்குத்தி நாரைகள் குஞ்சுகளுக்கு இரையோடு வருகின்றன. ஒவ்வொரு கூட்டிலும் குஞ்சுகள் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்த நாரையின் அலகைப் பைனாகுலரில் பையனுக்குக் காட்டுங்கள். மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்தாமல் ஓர் இடைவெளி இருக்கும், பாக்குவெட்டியைப் போல. நன்னீர் நத்தைதான் அதற்கு முக்கிய உணவு.

வேடந்தாங்கல் சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் ஜிஎஸ்டி சாலையை (திருச்சி நெடுஞ்சாலைதான்) விட்டு உள்ளே திரும்ப வேண்டும். ஏரி ஒன்றும் பெரிது கிடையாது, 30 ஹெக்டேர்தான். ஆனால் இந்தியாவிலேயே மிகப் பழைய பறவைப் பாதுகாப்பு இடங்களில் ஒன்று இது. அந்தப் பெருமை எந்த அரசாங்கத்துக்கும் போகாது, ஊர்க்காரர்களுக்குத்தான் போகும். கும்பினி சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, யாரும் சுடக்கூடாது என்று 1798-இல் கவுல், அதாவது எழுத்துமூலமான உறுதி, வாங்கினார்கள். அது பறவைப் பாசம் மட்டும் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்தத் தண்ணீர் பாய்ந்த நெல்லின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

கவுல் கொடுத்த கலெக்டர் லயனல் பிளேஸ். பக்கத்து மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதை இருக்கிறதல்லவா, பேய்மழையில் கரை உடையப் போகிறது என்று பார்க்கப் போன துரைக்கு ராம லட்சுமணர் வில்லோடு கரையில் காவல் நிற்பது தெரிந்ததாகச் சொல்வார்களே, அந்தத் துரையும் இவரேதான். கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. அம்மாவுக்குக் கோயில் பிடிக்கும் என்றால் காலையில் மதுராந்தகம், மதியச் சாப்பாடு, மாலையில் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரைக்கு ஏறச் சில படிகள் உண்டு. மேலே ஏறிவிட்டால் சமதரை, உட்கார இடமும் உண்டு. உயரமான காட்சிக் கோபுரத்துக்கு அவர் ஏறவே வேண்டாம். கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். சைபீரியாவிலிருந்து பறவைகள் வந்து வேடந்தாங்கலில் கூடு கட்டுகின்றன என்று பள்ளிக்கூடக் கட்டுரை முதல் சுற்றுலா வழிகாட்டி வரை எல்லாரும் சொல்வார்கள். கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் நம் பக்கத்துப் பறவைகள்தான். நத்தைக்குத்தி, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன், வக்கா எல்லாம் அந்த வகை. வடக்கே தூர தேசத்திலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் குளிருக்குத் தப்பி இங்கே சாப்பிட வருபவை. அவை கூடு கட்டுவது ஊர் திரும்பிய பிறகுதான். அந்த வாத்துகளைப் பார்க்க வேண்டுமென்றால் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரிக்கிலிக்குப் போக வேண்டும். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. காலை ஏழு மணிக்குப் போனால் நீங்களும் ஏரியும் மட்டும்தான். வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டுமே 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை.

மாதக் கணக்கு இதுதான். ஏரி நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில். தண்ணீர் நின்று, மரங்களின் அடி முழுகினால்தான் பறவை நம்பிக் கூடு கட்டும். நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரத்தில் கட்டினால் பூனை, கீரி ஏறாது. ஆகவே டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜனவரிதான் உச்சம். மழை பொய்த்த வருடத்தில் டிசம்பரிலும் ஏரி காய்ந்து கிடக்கும். அதனால் கிளம்பும் முன் 'ஈபேர்டு' செயலியைத் திறந்து, அந்த வாரம் அங்கே போனவர்கள் என்ன பார்த்தார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள். விளம்பரப் பலகையைவிட அது நம்பகமானது.

இனி ஊருக்குள் வருவோம். பள்ளிக்கரணையைச் சொன்னால் புதிதாக வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, மறு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் பறக்கும் லாரிகள். சரிதான். ஆனால் அந்தச் சாலையின் இரு பக்கமும் பரந்து கிடப்பது கழுவெளி, அதாவது சதுப்பு நிலம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்கு இருந்ததாகச் சொல்வார்கள். இன்று மிஞ்சியது அதில் சொற்பம். தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றில் வழிந்து கடைசியில் வந்து சேரும் தட்டு இதுதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைத் தொடும். உங்கள் வீடு வேளச்சேரிப் பக்கம் என்றால் மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்கான பதிலும் இங்கேதான் கிடக்கிறது.

வனத்துறை 2021-இல் இங்கே ஒரு சூழல் பூங்கா திறந்தது. நடைபாதை சமதளம், அம்மாவுக்குத் தோது. காலை ஆறரைக்குப் போங்கள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். நெடுங்கால் உள்ளான் ரோஸ் நிறக் குச்சிக்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால் இலைக்கோழியைப் பார்க்கலாம். கால்விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அந்த விரல்கள் எடையைப் பரப்பிவிடுவதால், மிதக்கும் இலைமேல் அது தரையில் நடப்பதுபோல் நடந்து போகும். சில வருடம் பூநாரைகளும் வந்து நிற்கும். மாலையில் ரேடியல் சாலை ஓரத்தில் காரை நிறுத்திப் பார்ப்பவர்களைக் கண்டு நீங்களும் நிறுத்திவிடாதீர்கள், அதுவும் பையனை வைத்துக்கொண்டு. உயிருக்கு உத்தரவாதம் இல்லாத சாலை அது.

அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகம் இந்த ஊரின் மிக அழகான இடம் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். திறந்திருக்கும் நாளிலும் காலையில் சிறிது நேரம், பிற்பகலில் சிறிது நேரம் என்றுதான் உள்ளே விடுவார்கள். அவ்வப்போது நேரத்தை மாற்றுவதால் போன் செய்துவிட்டுப் போவது நல்லது. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம், 1882-இல் ஆற்றங்கரையில் ஒரு பங்களாத் தோட்டத்தை வாங்கிக் குடிவந்தது. பிறகு சுற்றுப்புற நிலங்களைச் சேர்த்துச் சேர்த்து இன்று 250 ஏக்கருக்கு மேல். எல்லாரும் தேடிப் போவது ஆலமரத்தை. வயது ஏறக்குறைய 450 என்பார்கள். போய்ப் பார்த்ததும் "இதில் எது மரம்?" என்று பையன் கேட்பான். நல்ல கேள்வி. 1989-இல் அடித்த புயலில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இப்போது நீங்கள் பார்ப்பது அதன் விழுதுகள், ஒவ்வொன்றும் தனி மரம்போல் பருத்துத் தரையில் ஊன்றி நிற்கின்றன. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் காடு. "ஆல்போல் தழைத்து" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அதன் அர்த்தம் எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

மரத்தோடு திரும்பிவிடாதீர்கள். வளாகத்துக்குள் கோயில், மசூதி, தேவாலயம், புத்தர் சந்நிதி எல்லாம் தனித்தனியாகச் சிறிய அளவில் உண்டு. பாதைகள் நிழலாக, சமதளமாக இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஏகப்பட்ட மரங்களைச் சாய்த்தது. பழைய ஆட்கள் இன்னும் "வர்தாவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்" என்று பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் கிடக்கட்டும், இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

கிண்டிக்குப் பையனுக்காகப் போக வேண்டும். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஆளுநர்களின் வேட்டைக்காடாக இருந்த இடம். ஒரு காலத்தில் இதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஐஐடிக்கு ஒரு துண்டு, காந்தி மண்டபத்துக்கு ஒரு துண்டு, ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடம் என்று கேக் வெட்டுவதுபோல் வெட்டியது போக மிச்சம் இது. உள்காட்டில் பொதுமக்கள் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. போகக்கூடியது சிறுவர் பூங்காவும் பக்கத்தில் பாம்புப் பண்ணையும்தான். வெளிமானையும் புள்ளிமானையும் பையன் குழப்பிக்கொள்வான். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறும் இருந்தால் ஆண் வெளிமான். அது வெட்டவெளிப் புல்லை நம்பி வாழ்வது, காடு அடர்ந்தால் அதற்கு ஆகாது. புள்ளிமான் பின்னால் கொண்டுவந்து விட்டது, நிழற்காடு அதற்கு ஒத்துப்போய்ப் பெருகிவிட்டது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

செம்மொழிப் பூங்காவை ஒரு வரியில் முடித்துவிடலாம். பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் 2010-இல் திறந்தது, பூச்செடிகளும் புல்தரையும் ஒழுங்காக இருக்கும், ஜனவரி வாக்கில் மலர்க் கண்காட்சி நடந்தால் அம்மாவைக் கூட்டிப் போகலாம், மற்றபடி அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்த்தால் போதும். வண்டலூருக்கும் இதே அளவு ஆர்வம்தான் எனக்கு. 602 ஹெக்டேர் என்பதால் பேட்டரி வண்டி இல்லாமல் அம்மாவால் முடியாது, வார விடுமுறைக் கூட்டம் தாங்காது. ஆனாலும் பையன் விடமாட்டான் என்று தெரியும். அவனை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திருப்பிவிடுங்கள். 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது, இடம் சிறியது, மர நிழல் உண்டு. அங்கே திங்கட்கிழமை விடுமுறை.

பழைய இடங்களில் முதலில் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் அங்கே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை போவது வசதி. எல்லாரும் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, புனித மேரி தேவாலயத்தில் பத்து நிமிடம் நிற்பார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். 1680-இல் புனிதப்படுத்தப்பட்ட கோயில் அது. உள்ளே போகும் முன் வெளியே தரையைப் பாருங்கள். நடக்கும் தளம் முழுக்கக் கல்லறைக் கற்கள். பூ வேலைப்பாடு, கேடயச் சின்னம், லத்தீன், போர்ச்சுகீசிய, ஆர்மீனிய எழுத்து. 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் அதில் ஒன்று. செருப்புக் காலோடு மிதிக்க எனக்கு இன்னும் கூசும். ஆனால் இவர்கள் யாரும் இந்தக் கற்களுக்குக் கீழே இல்லை.

கதை இப்படி. அந்தக் காலத்தில் இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்று சட்டக் கல்லூரிக் கட்டடமும் உயர் நீதிமன்றமும் இருக்கும் பக்கத்தில் இருந்தது. 1758-59-இல் லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது, உயரமான கல்லறைகளின் மறைவில் நின்று கோட்டையைத் தாக்கினார்கள். முற்றுகை விலகியதும் இனி இந்த மறைப்பே இருக்கக்கூடாது என்று கல்லறைகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். எலும்புகள் அங்கே, பெயர்கள் இங்கே. பழைய இடுகாட்டில் தப்பிய ஒரு கூம்புக் கோபுரம் இன்னமும் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. அதில் இருப்பவர்கள் ஜோசப் ஹின்மர்ஸும், சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் சிறு வயது மகன் டேவிட்டும். ஹின்மர்ஸ் இறந்த பிறகு அவர் மனைவியை யேல் மணந்துகொண்டார். புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அதுதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்தது இவரால்தான்.

இந்த ருசி பிடித்துவிட்டால் அடுத்தது பழவேற்காடு. நான் ஒரே ஒரு ஊரைத்தான் பரிந்துரைக்கலாம் என்று கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் பறவை, ஏரி, வரலாறு மூன்றும் நடந்து போகும் தூரத்தில் கிடைப்பது இங்கேதான். செங்குன்றம், பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு மீன் ஏலம் நடக்கும்போது போய்ச் சேரலாம். சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது, பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள். அவற்றுக்கு ஊருக்குள் நிற்பதைவிட அண்ணாமலைச்சேரிப் பக்கம் போவது மேல். நீர் ஆழமில்லாத இடமாகப் பார்த்து நிற்கும், தலையைக் கவிழ்த்து அலகைச் சேற்றில் போட்டுச் சல்லடைபோல அரித்துச் சாப்பிடும். யாராவது "படகில் போகலாம் வாங்க சார்" என்று கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து ஒரே கூட்டமாக வந்த 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை இருக்கிறது.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் இங்கிருந்தே நடத்தினார்கள். கைலிக்குப் 'பளையகாட்' என்ற பெயர் வந்ததே இந்த ஊர்ப் பெயரால்தான். துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்தில் அடிபட்டவர்களையும் பிடிபட்டவர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியதும் இதே துறையிலிருந்துதான். கோட்டை இன்று சீமைக்கருவேலம் மண்டிய மேடு, உள்ளே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. போக வேண்டியது டச்சுக் கல்லறை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பூட்டியிருந்தால் சுற்றும் முற்றும் விசாரியுங்கள், சாவி வைத்திருக்கும் காவலாளி பக்கத்தில்தான் இருப்பார். நுழைவாயிலின் இரு பக்கமும் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரம். பையன் முதலில் பயப்படுவான், பிறகு அதன் விலா எலும்பை எண்ண ஆரம்பிப்பான். உள்ளே 76 கல்லறைகள். கருங்கல்லில் டச்சு எழுத்து எவ்வளவு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதைக் குனிந்து, வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் தலைக்கு மேலே ஏறிவிட்டால் எழுத்து தட்டையாகிவிடும். கல்வெட்டு எங்கே பார்த்தாலும் இதே விதிதான்.

தெற்கே இதன் ஜோடி சதுரங்கப்பட்டினம், சத்ராஸ் என்றால் கல்பாக்கம் பக்கத்தில் யாரும் வழி சொல்வார்கள். மாமல்லபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். செங்கல் கோட்டை, கடல் காற்று, உள்ளே சிறிய டச்சுக் கல்லறை, ஆள் அரவமே இருக்காது. மாமல்லபுரத்துக்குச் சொல்ல என்ன இருக்கிறது, நீங்களே போவீர்கள். அதற்கு முன்பாக சாளுவன்குப்பத்தில் வண்டியை நிறுத்துங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். புலிக்குகையைப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். அதன் அருகிலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட ஒரு கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு போய்த் தொல்லியல் துறை தோண்டியெடுத்த முருகன் கோயில் இருக்கிறது. பல்லவர் காலக் கருங்கல்லுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் அடித்தளம். முன்னால் கல்லாலான வேல். அலை கொண்டுபோனதை மட்டுமே பேசுகிறோம், அது கொண்டுவந்து காட்டியதும் ஒன்று இருக்கிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு விஷயமும் உண்டு. பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பருவம் இது. 1988 முதல் மாணவர்களை வைத்து இயங்கும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் கடற்கரையோடு நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். நள்ளிரவு தாண்டி மணலில் பல கிலோமீட்டர் நடை, அம்மாவுக்கு வேண்டாம். ஆமையைப் பார்ப்போம் என்ற உத்தரவாதமும் இல்லை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின, அதைப் பார்க்க நேர்ந்தால் பையனுக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள். முட்டை பொரிய ஒன்றரை மாதம் போல ஆகும். ஆகவே மார்ச் வாக்கில் மாலை நேரத்தில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்ப்பதுதான் அவன் வயதுக்குச் சரி. உள்ளங்கையில் அடங்கும் அளவு குஞ்சு, அலை ஒரு தடவை புரட்டிப் பின்னால் தள்ளும், மறுபடி எழுந்து அதே திசையில் போகும்.

அப்புறம், சாமான். பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கையில் பிடித்தால் ஆடும், பையனால் பறவையைக் கண்டுபிடிக்கவே முடியாது. பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டைகளைப் பறவை பார்க்கப் போகும்போது தவிர்த்துவிடுங்கள். ஏரிக்கரைகளில் நல்ல கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம், செங்கல்பட்டிலோ பொன்னேரியிலோ அம்மாவுக்காக ஒரு தடவை நிறுத்திவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

எந்த நாள் போகக்கூடாது என்று கேட்டால் ஒரே நாள்தான், காணும் பொங்கல். மதுரையில் அதை எப்படிக் கொண்டாடுவார்களோ தெரியாது, இங்கே அன்றைக்கு மாவட்டமே வண்டலூர், கிண்டி, மாமல்லபுரம், மெரினாவில் இருக்கும். அதற்கு மாறாக, அதே பொங்கல் விடுமுறையில் வேறொரு நாள் காலையில், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து கொள்ளுங்கள். வீட்டுப் பக்கத்து ஏரியிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் நின்று கண்ணில் பட்ட பறவைகளை எண்ணிச் செயலியில் போட வேண்டும், அவ்வளவுதான். பையனுக்குப் பெயர்கள் மனதில் நிற்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

எந்த வரிசையில் போவது என்று கேட்டால், இப்படிச் சொல்வேன். முதல் சனிக்கிழமை அடையாறு ஆலமரம், மறுநாள் காலை பள்ளிக்கரணை. அடுத்த சனிக்கிழமை கோட்டை. டிசம்பர் கடைசியில் ஒரு விடியற்காலை பழவேற்காடு. வேடந்தாங்கலைப் பொங்கலுக்குப் பிந்தைய வாரத்துக்கு வைத்துக்கொண்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும் வழியில் படாளத்தில் அந்த டீக்கடை இருந்தால், ஏழு மணிக்குத்தான் திரும்புகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.